மழைக்காத்து: ஒரு புரட்டாசி மாலையும் திரும்பிப்போன விமானமும்

முதல் புரட்டாசிச் சனிக்கு முந்தின நாள். சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகனைக் கூட்டிவர நாலரை மணிக்கெல்லாம் சேலத்தின் காமலாபுரம் விமான நிலைய வாசலில் போய் நின்றுவிட்டேன். மறுநாள் வீட்டில் தளிகை. அவன் வந்தால்தான் அக்கா அடுப்பைப் பற்றவைப்பாள். மேற்கே சாய்ந்த வெயில் முகத்தில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே மட்டும் பாலில் நனைத்த வேட்டி மாதிரி ஒரு வெள்ளைப் போர்வை. கிழக்கே சேர்வராயன் மலையின் உச்சியைக் காணவில்லை.

நாலு ஐம்பதுக்கு விமானச் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கிழக்கிலிருந்து ஜில்லென்று ஒரு காற்று. வாசலில் கிடந்த டீ கப்பெல்லாம் உருண்டு ஓடின, புழுதி எழும்பியது, வேர்த்திருந்த சட்டை முதுகில் ஒட்டிக் குளிர்ந்தது. எல்லாருக்கும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. சத்தம் நெருங்கியது, பிறகு உயர்ந்தது, வட்டமடித்தது, தேய்ந்தது. கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை தெற்கே எங்கோ கேட்டது. ஐந்தரைக்குச் செய்தி வந்தது: வானிலை காரணமாக விமானம் சென்னைக்கே திரும்புகிறது.

வாசலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை.

"என்னங்க இது, ஜில்லுனு நல்லாத்தான காத்தடிக்குது. இதுல இறங்கறதுக்கு என்ன?" என்றார் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர். விமானத்தில் ஏதோ கோளாறு, அதைச் சொல்ல வெட்கப்பட்டு வானிலை மேல் பழியைப் போடுகிறார்கள் என்பது கூட்டத்தின் பொதுத் தீர்ப்பு.

எனக்கு வெட்கம் வேறு விதம். ஓமலூர்ப் பக்கத்து எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பல வருடமாக மழை அளந்து நோட்டில் எழுதிவருகிறவன் நான். "ராத்திரிதான்டா மழை, நீ தாராளமா வா" என்று காலையில் அவனுக்கு டிக்கெட் போடச் சொன்னதே நான்தான். ஆகவே அந்த மாலையை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டிய கடமை எனக்கு இருந்தது. அதன் விளைவே இது.

காலையில் கையில் இருந்தவை

அன்றைய வானிலை அறிக்கை வழக்கமானதுதான். மேற்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக ஒருசில இடங்களில் இடி மின்னலுடன் மிதமான மழை. சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை. இடியின்போது பலத்த காற்று வீசக்கூடும்.

இந்த "ஓரிரு", "ஒருசில" எல்லாம் தப்பிப்பதற்கான வார்த்தைகள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவற்றுக்குக் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவானால் அது ஓரிரு இடம். கால்வாசியைத் தாண்டிப் பாதி வரை என்றால் ஒருசில இடம். முக்கால்வாசிக்கு மேல் போனால்தான் பெரும்பாலான இடம். கனமழைக்கும் அளவு உண்டு. காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. 2.5 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத நாளை மழை நாளாகவே எண்ணுவதில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு என் மானியில் இருந்தது 1.8 மில்லிமீட்டர். சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டில், காபித் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரும் என்னைப் போலவே அளக்கிற பைத்தியம். அவர் மானியில் 71. அப்படியென்றால் "ஓரிரு இடங்களில் கனமழை" என்றது எழுத்துக்கு எழுத்து பலித்திருக்கிறது. எங்கள் வீட்டு நோட்டின்படி அன்று மழை நாளே கிடையாது. அதுவும் சரி, இதுவும் சரி.

நான் கோட்டைவிட்டது கடைசிச் சொற்றொடரில். எந்த அறிக்கையைப் படித்தாலும் கண் மழையைத் தேடும். காற்று பற்றிய வரியைத் தாண்டிப் போய்விடும். நெல் போட்டவனுக்கும் குடை எடுக்கலாமா என்று யோசிப்பவனுக்கும் அது போதும். விமானத்துக்கு அறிக்கையில் முதலில் படிக்க வேண்டிய வரியே அதுதான்.

மலை ஏன் முதலில் கட்டுகிறது

பழந்தமிழ்க் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இந்த இரண்டும் கைமாறும் ஐந்தாறு வாரம்தான் சேலத்துக்கு வருடத்தின் நல்ல மழைக்காலம். "பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று புரட்டாசியைச் சொல்வார்கள். இரண்டையும் தனித்தனி நாளுக்கு வைத்துப் புரிந்துகொள்கிறோம். சேலத்தில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும், காய்வது மதியம், பெய்வது பொழுது சாய. காய்ந்தால்தான் பெய்யும் என்பதே அதன் இயங்குமுறை.

செப்டம்பரில் நமக்குத் தரைமட்டத்தில் மேற்கு, தென்மேற்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு கொங்கு நாட்டைக் கடந்து வருகிறது. ஜூன், ஜூலையில் இதே காற்று ஊதித் தள்ளும் வேகத்தில் வருவதால் மேகம் நின்று வளர நேரமிருக்காது. செப்டம்பரில் காற்றின் கால் தளர்கிறது. மதிய வெயிலில் தரை கொதித்து, சூடான காற்று மேலெழ, மேற்கிலிருந்து வரும் ஈரம் சேர்வராயன் சரிவில் மோதி ஏறுகிறது. சமவெளியில் மூன்று, நான்கு மணிக்கு மேகம் திரளும் என்றால் மலைமேல் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரண்டுவிடும். மலை ஒரு தூண்டுகோல்.

இதை வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். காற்றின் வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பம்) உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிவயிறு தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். அன்று மதியம் இரண்டு மணிக்கு என் வீட்டில் 34 டிகிரி, பனிநிலை 22. வித்தியாசம் 12, அப்படியென்றால் தரையிலிருந்து 1500 மீட்டர். ஓமலூர்ப் பக்கத் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் என்பதால் மேகத்தின் அடி 1800 மீட்டரில். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1623 மீட்டர். ஆக, உச்சி தெளிவாகத் தெரிந்தது. நாலு மணிக்கு 32 டிகிரி, பனிநிலை 23. வித்தியாசம் 9, மேகத்தின் அடி 1425 மீட்டருக்கு இறங்கிவிட்டது. உச்சி மறைந்தது.

நாலேகாலுக்குப் போன் செய்தபோது தோட்டத்து அண்ணன், "மேகம் இறங்கிருச்சு, பத்தடிக்கு முன்னால ஆள் தெரியல, ஆனா இன்னும் பெய்யல" என்றார். நான் கீழிருந்து மேகம் என்று பார்த்ததும் அவர் மேலிருந்து பனிமூட்டம் என்று சொன்னதும் ஒன்றேதான். ஒரே மேகத்துக்கு, நிற்கிற உயரத்தைப் பொறுத்து, பெயர் மாறுகிறது. (சுற்றுலா வந்தவர்கள் இந்தப் பனிமூட்டத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, அரை மணி கழித்து இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மழையில் மாட்டிக்கொள்வது புரட்டாசி சனி ஞாயிறுகளில் வாடிக்கை.)

ஓமலூர், காமலாபுரம் ஆட்களுக்கு மலை ஓர் அளவுகோல். கோயில் உச்சி பளிச்சென்று தெரிந்தால் மேகத்தின் அடி தரையிலிருந்து 1300 மீட்டருக்கு மேல். உச்சி மறைந்தால் அதற்குக் கீழ். ஈசான மூலையில் மின்னினால் மாட்டைப் பிடித்துக் கட்டும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு ஈசான மூலை என்பது சேர்வராயனின் வடபாதிதான். அந்தப் பழக்கம் மூடநம்பிக்கை என்று இளவயதில் வாதாடியிருக்கிறேன். இப்போது வாதாடுவதில்லை.

ஜவ்வரிசிக் களத்தில் பார்த்தது

இன்னொன்றையும் பார்த்தேன், பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு மரவள்ளி ஆலை. களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்க வேண்டிய நேரம். நாலு பத்துக்கு ஆட்கள் அவசர அவசரமாகக் கூட்டிக் குவித்து, தார்பாயை இழுத்து, ஓரங்களில் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் அப்போது கண்ணைப் பறித்தது. வண்டியை நிறுத்தி, "இந்த வெயில்ல ஏங்க மூடறீங்க?" என்றேன். "மலைக்கு மேல தலை விரிச்சிருச்சுங்க, காத்து வரும்" என்றார் ஒரு அம்மா. மழை வரும் என்று சொல்லவில்லை, காற்று வரும் என்றார். கல் ஏற்றியதும் அதனால்தான். மழைக்கு மட்டுமென்றால் தார்பாய் போதும்.

தலை விரித்தது என்று அவர் சொன்னது இடிமேகத்தின் உச்சியில் பட்டறைக்கல் மாதிரி பரவும் பகுதியை. அதிலும் இந்தப் பருவத்துக்கு ஒரு வினோதம் உண்டு. கீழே காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. அதனால் நம் இடிமழை பொதுவாகக் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் நகரும். சென்னைக்காரர்களுக்குச் செப்டம்பர் இரவுகளில் மேற்கிலிருந்து வரும் இடிமழையும் இந்த ஓட்டத்தில் கிளம்பியதுதான். ஆனால் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் அந்த மாதங்களில் வீசுவது கிழக்குக் காற்று. எனவே மேகத்தின் உடல் கிழக்கே நகர, தலை மேற்கே சாய்கிறது. நான் தலைக்கு மேலே பார்த்த அந்தப் பால் வேட்டி, பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே ஏற்காட்டில் கொட்டிக்கொண்டிருந்த மேகத்தின் தலை. அதன் அடியில் நின்றுகொண்டுதான் "வானம் வெளுத்திருக்கு" என்று அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

கீழே இறங்கிய குளிர்

இனி அந்த ஜில் காற்று. ஊரில் அதற்கு மழைக்காத்து என்று பெயர். மழைக்கு முன்னால் வரும், மண்வாசனையைத் தூக்கிக்கொண்டு வரும், சில நாள் காற்று மட்டும் வந்து மழை வராமலே போகும். இடிமேகத்துக்குள் மழைத்துளிகள் விழும்போது சுற்றியுள்ள காற்றையும் கீழே இழுக்கின்றன. மேகத்துக்கு அடியில் இருக்கும் வறண்ட காற்றில் துளிகள் பாதி ஆவியாகிவிடும். ஆவியாவதற்கான வெப்பத்தை அந்தக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் அது குளிர்கிறது. குளிர்ந்தால் எடை கூடும்; எடை கூடினால் இன்னும் வேகமாக இறங்கும். தரையில் மோதியதும் கொட்டிய தண்ணீர் போல நாலா பக்கமும் வழிகிறது. மேகத்தின் அடி உயரமாக இருக்க இருக்க ஆவியாக நேரம் அதிகம், காற்றும் அதிகம், மழை குறைவு. சித்திரையில் வரும் புழுதிக்காற்று அந்த வகை. புரட்டாசியில் மேகம் தாழ இருப்பதால் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் நம் ஊரில் ஒரு கூடுதல் விஷயம், அந்தக் குளிர்காற்று மலைச்சரிவில் இறங்கி வருகிறது. சரிவு அதற்கு ஓர் உந்துதல்.

என் வீட்டு மாடியில் இருக்கும் சின்னப் பதிவுக் கருவி இதைக் குறித்திருந்தது. நாலு ஐம்பதுக்கு 32 டிகிரி. ஐந்து பத்துக்கு 25. இருபது நிமிடத்தில் ஏழு டிகிரி இறக்கம். மழைமானியில் அதுவரை ஒன்றும் இல்லை. மலைமேல் மழை நாலு இருபத்தைந்துக்குப் பிடித்தது என்று அண்ணன் எழுதிவைத்திருக்கிறார். இருபத்தைந்து நிமிடத்தில் பதினைந்து கிலோமீட்டர் என்றால் குளிர்காற்றின் விளிம்பு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து வந்திருக்கிறது. முரட்டுக் கணக்குதான், ஆனால் மழைக்காத்துக்கு அது பொருந்தும் வேகம்.

ஓடுதளத்தின் மேல்

காமலாபுரம் ஓடுதளம் 04/22. அதாவது ஒரு முனை வடகிழக்கு, மறுமுனை தென்மேற்கு. நம் இரண்டு பருவக்காற்றும் வீசும் திசையிலேயே அது கிடக்கிறது. நீளம் சுமார் 1800 மீட்டர், உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி. 1993-இல் திறந்த நிலையத்தில் விமானம் வருவதும் நிற்பதுமாகவே இருந்தது. 2018 மார்ச்சில், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைச் சேவை தொடங்கி, நின்று, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. இந்த நீளத்துக்குத் தோதானவை இரட்டை விசிறி கொண்ட சிறு விமானங்கள்.

இறங்கும் விமானத்துக்கு எதிர்காற்று வேண்டும். மேற்கு, தென்மேற்குக் காற்று அடிக்கும் செப்டம்பரில் வடகிழக்கிலிருந்து வந்து தென்மேற்கு நோக்கி இறங்குவது இயல்பு. அன்று மாலை நாலே முக்கால் வரை கொடிகள் அப்படித்தான் பறந்தன. விமானம் நெருங்கிய நிமிடத்தில் காற்று தலைகீழாகிவிட்டது. முன்னால் 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வந்துகொண்டிருந்த காற்று, பின்னால் 20 நாட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கையின் மேல் ஓடும் காற்றிலிருந்து சில நொடியில் 28 நாட் காணாமல் போகிறது. இறங்கும் வேகமே சுமார் 110 நாட் இருக்கும் விமானத்துக்கு இது கால்பங்கு. தரைக்குச் சில நூறு அடி மேலே இது நடந்தால் மீள்வதற்கு உயரம் இருக்காது.

பின்காற்றோடு இறங்கினாலும் சிக்கல்தான். இறங்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்று இருந்தால் தேவைப்படும் ஓடுதள நீளம் ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பது விமானிகளின் பொதுக் கணக்கு. பெரும்பாலான பயணிகள் விமானங்களுக்குப் பின்காற்று வரம்பே 10 நாட், சிலவற்றுக்கு 15.

அப்படியானால் மறுமுனையிலிருந்து, தென்மேற்கிலிருந்து வந்து வடகிழக்கு நோக்கி இறங்கக் கூடாதா? கார் ஓட்டுநர் இதையும் கேட்டார், நல்ல கேள்வி. புதிய காற்றுக்கு அது எதிர்காற்றுதான். இரண்டாவது முறை தெற்கே சத்தம் கேட்டது அதற்கான முயற்சியாக இருந்திருக்கலாம். ஆனால் இறங்க முடியாமல் மறுபடி மேலேற நேர்ந்தால் விமானத்தின் மூக்கு நேரே வடகிழக்கை நோக்கி இருக்கும். அந்தப் பக்கம்தான் மலை, மலைமேல்தான் இடிமேகம். கடும் இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் விலகிப் போ என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரும் பால பாடம். ஏற்காட்டுக்கும் ஓடுதளத்துக்கும் நேர்கோட்டில் அதில் பாதிகூடக் கிடையாது. ஏற்காட்டின் மேல் கடும் இடிமேகம் நின்றால், நிலையத்தின் மேல் வெயில் அடித்தாலும் காமலாபுரம் அந்த வளையத்துக்குள்தான்.

கோளாறு என்று தீர்ப்புச் சொன்ன கூட்டத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேகத்திலிருந்து இப்படி இறங்கும் காற்றைப் பற்றி உலகம் தெளிவாகத் தெரிந்துகொண்டதே 1975-இல் நியூயார்க்கில் ஒரு விமானம் இறங்கும்போது விழுந்த பிறகுதான். அந்த விபத்தை ஆராய்ந்து காரணத்தைச் சொன்னவர் ஃபுஜிட்டா என்ற ஜப்பானிய அறிஞர். 1985-இல் டல்லாஸில் மறுபடி ஒன்று. 137 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விமானிகளின் பயிற்சியே மாறியது. அன்று நம் வாசலில் கேட்ட சத்தம் உயர்ந்து தேய்ந்ததற்குப் பின்னால் அந்தப் பாடம் இருக்கிறது.

ரேடாருக்குத் தெரியாத உயரம்

போனில் ரேடார் படம் பார்க்கிற பழக்கம் எனக்கும் உண்டு. அன்று நாலே காலுக்கு அதில் சேர்வராயன் மேல் ஒரு சிறு மஞ்சள் பொட்டு மட்டும். இதிலும் குற்றம் படத்தின் மேல் இல்லை, தூரத்தின் மேல். காரைக்கால் ரேடாரிலிருந்து சேலம் சுமார் 200 கிலோமீட்டர், சென்னையிலிருந்து சுமார் 280. ரேடார் கதிர் அரை டிகிரி சாய்வில் கிளம்பினால், பூமி வளைந்து கீழே போய்க்கொண்டே இருப்பதால், காரைக்கால் கதிர் நம் தலைக்கு மேல் வரும்போது 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். சென்னைக் கதிர் 7 கிலோமீட்டரில். மழைக்காத்து நடப்பது தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். கதவிடுக்கு வழியாகக் கூரையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டில் யாருமில்லை என்று சொல்வது போலத்தான்.

ஏற்காட்டிலேயே ஒரு ரேடார் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. மலைமேல் உட்கார்ந்து பார்க்கும் கண் வந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் வரைக்கும் கீழ் மேகம் தெரியும். அதுவரை எனக்கு உதவுவது மூன்று: கால் மணிக்கு ஒரு முறை வரும் இன்சாட் படம், மின்னலைக் காட்டும் தாமினி செயலி, ஜவ்வரிசிக் களத்து அம்மா. கடைசியானது அன்று நாற்பது நிமிடம் முன்னால் சொன்னது. வாட்ஸ்அப்பில் வந்த "அடுத்த மூன்று மணி நேரத்தில்" எச்சரிக்கை என் போனுக்கு வந்தபோது மணி ஐந்தேகால்.

விமான வானிலைக் குறிப்புகளைப் படிக்கப் பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் நேரமெல்லாம் கிரீன்விச் கணக்கு. 0900 முதல் 1300 வரை இடிமழை வாய்ப்பு என்று இருந்தால் ஐந்தரை மணி கூட்டி, மதியம் இரண்டரையிலிருந்து மாலை ஆறரை என்று வாசிக்க வேண்டும். நான் ஒருமுறை காலை ஒன்பது என்று வாசித்து, மாடியில் காயப்போட்ட மிளகாயை நனைத்திருக்கிறேன்.

இந்தப் பருவத்தை எப்படிப் பார்க்கிறேன்

செப்டம்பர் கடைசியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான பருவக் கணிப்பு வரும்போது, சேலத்துக்கு எவ்வளவு என்று அதில் தேடுபவர்கள் உண்டு. அது தமிழகம், கேரளம், ராயலசீமா, கடலோர ஆந்திரம், தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்து பிரிவுக்கும் சேர்த்துச் சொல்வது. சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை இயல்பு. எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) இருந்தால் நமக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் என்பது பொது விதி, 2015 அதற்குச் சாட்சி. ஆனால் அதற்கு நேர்மாறாக அந்தக் கடல் குளிரும் லா நினா வருடமான 2021-இல் தமிழகத்தில் இயல்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகப் பெய்தது. 2016-இல் பருவமே பொய்த்தது. இதை வைத்து யாரும் சேலத்தில் விதைக்க வேண்டாம், டிக்கெட்டும் போட வேண்டாம். மேட்டூர் நிறைந்திருப்பதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். அந்தத் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்தது.

நான் பிரித்துக்கொள்வது மூன்று பொழுதாக. அக்டோபர் முதல் வாரம் தாண்டும் வரை மேற்குக் காற்றுக் காலம். காலையும் முற்பகலும் சுத்தம். நெசவாளர்கள் தெருவில் பாவு ஓட்டுவதும், மலையேறுபவர்கள் ஏறிவிடுவதும், விமானம் வந்து போவதும் மதியம் இரண்டுக்குள் என்றால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. மூன்றிலிருந்து எட்டு வரைதான் இடி, மின்னல், மழைக்காத்து. ஓடுதளத்துக்குக் காற்றுதான் எதிரி. மேகத்தின் உயரமும் பார்வைத் தூரமும் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும். ஒன்று மட்டும்: 34 டிகிரி வெயிலில் இங்கே காற்று அவ்வளவு இளைத்திருக்கும் என்பதால், ஆயிரம் அடி உயர ஓடுதளம் இன்ஜினுக்கு மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரம் போலத் தெரியும். மதிய விமானம் புறப்படும்போது அதையும் கணக்கில் வைப்பார்கள்.

இரண்டாவது, அக்டோபர் நடுவில் காற்று செத்துப்போகும் பத்துப் பதினைந்து நாள். தென்மேற்கு விலகி வடகிழக்கு நுழையும் இடைவெளி. வடகிழக்கின் இயல்பான தொடக்கம் 20-ஆம் தேதி வாக்கில். (புள்ளிவிவரத்தில் அக்டோபர் 1-ஆம் தேதி பெய்வதே வடகிழக்குக் கணக்கில் போய்விடும், காற்று மேற்கிலிருந்து அடித்தாலும் சரி.) மேலே தள்ளிக்கொண்டு போகக் காற்று இல்லாததால் இடிமேகம் பிறந்த இடத்திலேயே நின்று கொட்டும். என் நோட்டில் ஒரே மணி நேரத்தில் அதிகம் பெய்த நாட்களில் பல இந்த இடைவெளியில் இருக்கின்றன. திருமணிமுத்தாறும் சரபங்காவும் திடீரென்று கலங்கி ஓடுவதும் இப்போதுதான். மின்னல் மிக அதிகம். மலைப்பாதையில் மாலைக்குமேல் போகாமல் இருப்பது நல்லது. காபிக் காய் இன்னும் பச்சையாக இருக்கும் நேரம் என்பதால் தோட்டக்காரர்களுக்கு இந்த இரண்டு வாரம் வயிற்றில் புளி. கொட்டித் தீர்த்தால் காயும் கொட்டும்.

மூன்றாவது, காற்று வடகிழக்கில் நிலைத்த பிறகு. ஐப்பசி அடைமழை. இடி குறையும், மழைக்காத்து ஏறக்குறைய இல்லாமல் போகும், ஓடுதளத்தில் விமானங்கள் மறுமுனையிலிருந்து வரத் தொடங்கும். பிரச்சினை இப்போது வேறு: நாள் முழுக்கத் தாழ்ந்த மேகம், சாரல், பார்வைத் தூரக் குறைவு, நனைந்த ஓடுதளம். மாலையைவிடக் காலை மோசம். புயல் சின்னம் உள்ளே வந்தால் எல்லாக் கணக்கும் மாறும். 2024 நவம்பர் 30-இல் கரையேறிய ஃபெஞ்சல் புயல் டிசம்பர் தொடக்கத்தில் உள்மாவட்டங்களைக் கடந்தபோது பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது.

அன்று இரவு அக்கா மகன் சென்னை சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்து, சேலம் ஜங்ஷனில் விடியலுக்கு முன் இறங்கினான். பாதி வழி நின்றுகொண்டே வந்திருக்கிறான். "மாமா, ராத்திரி எங்கியுமே மழை இல்ல" என்றான் முதல் வேலையாக. தளிகை ஒரு மணி நேரம் தாமதமானது. என் நோட்டில் தேதி, மழை, வெப்பம் என்று இருந்த மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கோடு போட்டு, மேலே காற்று என்று எழுதினேன். அன்றைய வரியில் முதல் பதிவு: மாலை 4.50, தென்மேற்குக் காற்று போய் வடகிழக்குக் காற்று. இந்த வருடம் புரட்டாசி நாலு சனிக்கும் அவன் இப்போதே ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுக்கை போட்டுவிட்டான்.